காயலான் கடைக்குத் தப்பிய 'டெல்டிக்'... பழைய டீசல் லோகோவுக்கு உயிர் கொடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?

பாரம்பரிய ரயில் என்றதும் உங்கள் மனதில் என்ன ஓடும்? கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன், பொங்கி வரும் வெள்ளை ஆவி, 'கூ...' என்ற விசில், ஜன்னலில் தலை நீட்டினால் கண்ணில் விழும் கரித்தூள். இதில் டீசல் எங்கேயிருந்து வந்தது என்றுதானே கேட்கிறீர்கள்? டீசல் ரயில் நமக்குப் பார்த்துப் பார்த்துச் சலித்த சமாசாரம். அதைப் போய் யாராவது சொந்தக் காசைப் போட்டு வாங்கி, வருடக்கணக்கில் கழற்றி மாட்டி, பெயின்ட் அடித்து வைத்துக் கொஞ்சுவார்களா?

கொஞ்சுகிறார்கள். இங்கிலாந்தின் பாரம்பரிய ரயில்கள் டீசலுக்கென்றே நாள் குறித்துத் திருவிழா நடத்துகின்றன. அன்றைக்கு பிளாட்பாரத்தின் கடைசி முனையில் ஒரு கூட்டம் நிற்கும். பாதிப் பேர் கையில் கேமரா, மீதிப் பேர் கையில் ஒலிப்பதிவுக் கருவி. வண்டி கிளம்பும்போது எழும் உறுமலைக் கேட்பதற்காக, லோகோவை ஒட்டிய முதல் பெட்டியில் ஜன்னலோர இடம் பிடிக்க அடிதடி நடக்காத குறைதான்.

அப்படிக் கொண்டாடப்படும் டீசல்களில் முதல் மரியாதை 'டெல்டிக்'குக்கு. முன்மாதிரியாக வந்த ஒன்றைத் தவிர, மொத்தம் 22 டெல்டிக்குகள் தயாராகி ஓடின. அதில் 16 வெட்டி எடைக்குப் போடப்பட்டன. 6 தப்பின. அந்த ஆறும் எப்படித் தப்பின, இன்றுவரை எப்படி மூச்சு விடுகின்றன என்று பார்த்தால், ஒரு பழைய டீசலை வாங்கிச் சீர்செய்வது எவ்வளவு பெரிய வம்பு என்பது புரிந்துவிடும்.

போகும் முன் ஒரு சின்ன விஷயம். நாம் பேச்சுவழக்கில் 'ரயில் இன்ஜின்' என்று மொத்த வண்டியையும் சொல்லிவிடுவோம். ரயில்வேக்காரர்கள் அதை 'லோகோ' என்பார்கள். லோகோவின் வயிற்றுக்குள் டீசல் குடித்துச் சுற்றுவதுதான் இன்ஜின். இந்தக் கட்டுரையிலும் அப்படியே வைத்துக்கொள்வோம். இல்லாவிட்டால் குழம்பிப்போவோம்.

வில்லனாக வந்தவர்

பாரம்பரிய ரயில் என்பது பெரும்பாலும் அரசு ரயில்வே கைகழுவிய ஒரு கிளைப் பாதை. உள்ளூர்க்காரர்களும் ரயில் ரசிகர்களும் சேர்ந்து பணம் போட்டு அதை வாங்கி, தாங்களே ஓட்டுவார்கள். டிக்கெட் கிழிப்பவர், சிக்னல் போடுபவர், லோகோ ஓட்டுபவர் என எல்லா இடத்திலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்களைப் பார்க்கலாம். 1951-ல் வேல்ஸில் உள்ள டாலிலின் என்ற குறுகிய பாதையில் இந்தப் பழக்கம் தொடங்கியது.

இந்த ரசிகர்களுக்கு டீசல்மீது தீராத கோபம் இருந்தது. காரணம் இல்லாமலில்லை. பிரிட்டிஷ் ரயில்வே 1948-ல் தேசியமயமானபோது அதனிடம் சுமார் 20,000 நீராவி லோகோக்கள் இருந்தன. 1955-ல் ஒரு நவீனமயத் திட்டம் அறிவித்தார்கள். நீராவி போகும், டீசலும் மின்சாரமும் வரும் என்றார்கள். அறிவித்த பிறகும் புது நீராவி லோகோக்களைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள் என்பது தனிக் கூத்து. பிரிட்டிஷ் ரயில்வேயின் கடைசி நீராவி லோகோவான 'ஈவினிங் ஸ்டார்' 1960-ல்தான் பிறந்தது. ஐந்தே வருடத்தில் 1965-ல் அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். 1968 ஆகஸ்ட் 11-ம் தேதி பிரிட்டிஷ் ரயில்வேயின் கடைசி நீராவிப் பயண வண்டி முக்கியப் பாதையில் ஓடியது. அன்று தண்டவாளத்தின் ஓரத்தில் கண்ணீரோடு நின்றவர்களிடம் போய், 'இன்னும் 15 வருஷத்தில் உங்களில் சிலர் டீசலைக் காப்பாற்ற உண்டியல் குலுக்குவீர்கள்' என்று யாராவது சொல்லியிருந்தால் உதைத்திருப்பார்கள்.

ஆனால், வரலாற்றுக்கு ஒரு குறும்பு உண்டு. லீட்ஸ் நகரின் மிடில்டன் ரயில்வே, அகலமான வழக்கமான பாதையில் தன்னார்வலர்கள் ஓட்டிய முதல் ரயில் என்ற பெருமைக்குரியது. 1960 ஜூனில் அங்கே ஓடிய முதல் வண்டியை இழுத்தது எது தெரியுமா? 1932-ல் ஹன்ஸ்லெட் கம்பெனி கட்டிய ஒரு டீசல் லோகோ!

முக்கோணத்துக்குள் 36 பிஸ்டன்

டெல்டிக்கின் கதை தண்டவாளத்தில் ஆரம்பிக்கவில்லை. கடலில் ஆரம்பிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் வேகப் படகுகள் பெட்ரோலில் ஓடின. குண்டு பட்டால் தீப்பந்தம்தான். பெட்ரோல் இன்ஜின் அளவுக்கு இலகுவாகவும் வேண்டும், ஆனால் டீசலாகவும் வேண்டும் என்று கடற்படை கேட்டது. நேப்பியர் கம்பெனி யோசித்தது. ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள், எதிரெதிராக வந்து மோதாமல் திரும்புகிற மாதிரி. அப்படிப்பட்ட சிலிண்டர்களை முக்கோணமாக அடுக்கி, மூன்று மூலைகளிலும் ஒவ்வொரு கிராங்க்‌ஷாஃப்ட். கிரேக்க எழுத்தான 'டெல்டா'வைத் தலைகீழாகப் போட்ட மாதிரி உருவம். அதனால்தான் டெல்டிக்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், மூன்று மூலைகளும் ஒத்துப்போகவில்லை. பிஸ்டன்கள் சரியான நேரத்துக்கு வந்து சேரவில்லை. மூன்று கிராங்க்‌ஷாஃப்ட்டுகளில் ஒன்றை மட்டும் எதிர்த்திசையில் சுற்றவிட்டால் தீர்ந்துவிடும் என்று கண்டுபிடித்தவர் ஹெர்பர்ட் பென்வார்டன். கடற்படை அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலையில் இருந்தவர்!

இப்படி உருவான ஒரு இன்ஜினில் 18 சிலிண்டர்கள், 36 பிஸ்டன்கள். டெல்டிக் லோகோவில் இப்படிப்பட்ட இன்ஜின்கள் இரண்டு. ஆக, 72 பிஸ்டன்கள். மொத்தம் 3,300 குதிரைத்திறன், எடை சுமார் 100 டன். அதே காலத்தில் ஓடிய இன்னொரு பெரிய டீசலான கிளாஸ் 40-ஐப் பாருங்கள். 133 டன் எடை, 2,000 குதிரைத்திறன். அப்போதுதான் டெல்டிக்கின் அருமை புரியும்.

இந்த 22 லோகோக்களையும் 1961-62-ல் கட்டியது நியூட்டன்-லே-வில்லோஸ் என்ற ஊரில் இருந்த வல்கன் ஃபவுண்டரி. பெயரைக் கேட்ட மாதிரி இல்லையா? 1853 ஏப்ரல் 16-ல் பம்பாய் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு நம் நாட்டின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியதே, அதை இழுத்த லோகோக்களும் அதே பட்டறையில் பிறந்தவைதான்.

லண்டன் - எடின்பரோ பாதையில் 55 நீராவி லோகோக்கள் செய்த வேலையை 22 டெல்டிக்குகள் எடுத்துக்கொண்டன. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம். சுமார் 630 கிலோமீட்டரை ஆறு மணி நேரத்தில் முடித்தன. சிலவற்றுக்குப் பந்தயக் குதிரைகளின் பெயர், சிலவற்றுக்கு ராணுவப் படைப்பிரிவுகளின் பெயர். 'அலிசிடன்', 'டுல்யார்' இரண்டும் குதிரைகள். டுல்யார் 1952-ல் டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை.

அந்தச் சத்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டு இன்ஜின்களும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றாது. இம்மி வித்தியாசம் இருக்கும். அதனால் இரண்டு ரீங்காரங்களும் ஒன்றையொன்று உரசி, 'ம்ம்ம்...' என்று அலை அலையாக ஏறி இறங்கும். தம்புராவின் இரண்டு தந்திகள் சுருதி சேரும் முன் விம்முமே, அதை நூறு மடங்கு பெரிதாகக் கேட்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விம்மலைக் கேட்டு வளர்ந்த பையன்கள்தான் பிற்பாடு பர்ஸைத் திறந்தார்கள்.

ஏலம் போகும் முன் ஒரு சங்கம்

1970-களின் கடைசியில் அதே பாதைக்கு இன்டர்சிட்டி 125 என்ற புது அதிவேக ரயில் வந்தது. டெல்டிக்கின் நாள்கள் எண்ணப்பட ஆரம்பித்தன. 1980-ல் முதல் இரண்டு ஓய்வுக்குப் போயின. 1982 ஜனவரி 2-ம் தேதி லண்டனிலிருந்து எடின்பரோவுக்குப் போய்த் திரும்பிய பிரியாவிடை வண்டியோடு கதை முடிந்தது. போகும்போது இழுத்தது டுல்யார், திரும்பும்போது ராயல் ஸ்காட்ஸ் கிரே. பிறகு எல்லாம் டான்காஸ்டர் பணிமனையில் வரிசையாக நின்றன, காஸ் கட்டருக்குக் காத்துக்கொண்டு. உலகப் புகழ்பெற்ற நீராவி லோகோக்களான 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மேன்', 'மல்லார்ட்' இரண்டையும் பெற்றெடுத்த அதே டான்காஸ்டர்!

இங்கேதான் ரசிகர்கள் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டார்கள். டெல்டிக் பாதுகாப்புச் சங்கத்தை அவர்கள் ஆரம்பித்தது 1977-ல். அதாவது, லோகோக்கள் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே! கடைசி வண்டி ஓடியபோது அவர்கள் கையில் ஐந்து வருடச் சேமிப்பு இருந்தது. 1982-ல் அலிசிடன், ராயல் ஹைலேண்ட் ஃபியூசிலியர் இரண்டையும் வாங்கினார்கள். டுல்யார் சில வருடங்கள் கழித்து அவர்களிடம் வந்து சேர்ந்தது. வேறு இரண்டைத் தனியார் வாங்கினர். ஆறாவது, யார்க் நகரில் உள்ள தேசிய ரயில்வே அருங்காட்சியகத்துக்குப் போனது. வெட்டப்பட்டவற்றில் இரண்டின் முகப்பு மட்டும் தப்பியிருக்கிறது.

எதற்கு இந்த அவசரம்? நீராவி லோகோக்களுக்கு அவகாசம் கிடைத்தது. வேல்ஸ் கடற்கரையில் பேரி என்ற ஊரில் ஒரு காயலான் கடை. அதன் முதலாளி சரக்கு வேகன்களை வெட்டுவதில் மும்முரமாக இருந்ததால், நீராவி லோகோக்களை அப்படியே ஓரமாக நிறுத்திவைத்தார். உப்புக் காற்றில் சில லோகோக்கள் இருபது வருடம்கூடக் கிடந்தன. ரசிகர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து அங்கிருந்து 213 லோகோக்களை மீட்டார்கள். டீசலுக்கு அப்படி ஒரு பேரி வாய்க்கவில்லை. ஓய்வு பெற்றால் உடனே வெட்டு. தாமதித்தால் அந்த இனமே போச்சு.

வாங்கியாயிற்று. எங்கே ஓட்டுவது? தனியார் கைக்குப் போன பழைய டீசல்களை பிரிட்டிஷ் ரயில்வே தன் பாதையில் ஓடவிடவில்லை. வில்லனின் கடைசிப் புகலிடம் பாரம்பரிய ரயில்தான் என்றாகிவிட்டது. சங்கத்தின் இரண்டு டெல்டிக்குகளும் வடக்கு யார்க்‌ஷயர் மூர்ஸ் ரயில்வேக்குப் போய்ச் சேர்ந்தன. பிக்கரிங் என்ற ஊரிலிருந்து கிராஸ்மான்ட் வரை 29 கிலோமீட்டர், புதர்க்காட்டு மலைகளுக்கு நடுவே ஓடும் பாதை. ஹாரி பாட்டர் முதல் படத்தில் ஹாக்ஸ்மீட் ஸ்டேஷனாக வருமே, அந்த கோத்லேண்ட் ஸ்டேஷன் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. 160 கிலோமீட்டர் வேகத்தில் பறந்த வண்டி, இங்கே வந்து மலைச் சரிவில் மாட்டு வண்டி மாதிரி நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது. இருந்தாலென்ன, உயிரோடு இருந்ததே!

கரி லோகோவைப் புதிதாகவே கட்டலாம்... டீசலை?

இப்போது விஷயத்துக்கு வருவோம். பார்க்க, நீராவி லோகோதான் சிக்கலானது போலத் தெரியும். வெளியிலேயே ராடுகள், பைப்புகள், சக்கரங்கள். டீசலோ மூடிய பெட்டி. ஆனால், சீர்செய்ய உட்கார்ந்தால் நிலைமை தலைகீழ்.

நீராவி லோகோ என்பது இரும்பு, செம்பு, பித்தளை, ரிவெட். வரைபடம் இருந்து, நல்ல வார்ப்பாலையும் லேத்தும் கைதேர்ந்த ஆளும் கிடைத்தால் எந்தப் பாகத்தையும் புதிதாகச் செய்துவிடலாம். பாகத்தை மட்டுமா? முழு லோகோவையே செய்துகாட்டிவிட்டார்கள். அழிந்துபோன ஏ1 என்ற நீராவி வகையில் 'டொர்னாடோ' என்று ஒன்றை ரசிகர்கள் டார்லிங்டன் நகரில் அடியிலிருந்து நுனிவரை புதிதாகக் கட்டி, 2008-ல் தண்டவாளத்தில் ஏற்றினார்கள்.

டெல்டிக் இன்ஜின் ஒன்றை அப்படி யாரும் புதிதாகச் செய்யவில்லை. இது விமான இன்ஜின் மாதிரியான நெருக்கமான வேலை. நூலிழை இடைவெளிகள், தனி ரகக் கலப்பு உலோகங்கள், அதற்கென்றே செய்த கருவிகள். ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே ஷெட்டில் அதைப் பிரித்துப் பழுது பார்ப்பது வழக்கமில்லை. இன்ஜினை முழுசாகத் தூக்கி எடுத்துவிட்டு, தயாராக இருக்கும் இன்னொன்றைப் போட்டு அனுப்பிவிடுவார்கள். கழற்றிய இன்ஜின் பட்டறைக்குப் போய்விடும். அதாவது, டெல்டிக் ஓடியது லோகோவால் மட்டுமல்ல. அதன் பின்னால் ஒரு தொழிற்சாலை, உபரி இன்ஜின்கள், பயிற்சி பெற்ற ஃபிட்டர்கள் என ஒரு குடும்பமே இருந்தது. லோகோவை வாங்கியவர்களுக்குக் கிடைத்தது அந்தக் குடும்பத்தில் ஒரே ஓர் ஆள். மீதிப் பேர் கலைந்துவிட்டார்கள். வல்கன் ஃபவுண்டரியும் 2002-ல் மூடப்பட்டு, இன்று அந்த இடத்தில் வீடுகள்.

அதனால்தான் விவரம் தெரிந்த சங்கங்கள் லோகோவை வாங்கும்போதே, கையோடு கிடைக்கிற உதிரிபாகங்களையும் அள்ளிக்கொள்கின்றன. கூடப் பிறந்தவை வெட்டப்படும்போது பக்கத்தில் நின்று, இன்ஜின், மோட்டார், பம்ப், பல்ப் ஹோல்டர்வரை கழற்றி எடுத்துக்கொள்வது. கேட்கக் கொடுமையாக இருக்கும். என்னைக் கேட்டால், பழைய டீசல் ஒன்றின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் உடம்பின் நிலைமை அல்ல, கோடவுனில் இருக்கும் உதிரிபாகங்களின் கையிருப்பு.

கழற்ற ஆரம்பித்தால்...

சரி, ஒரு பாரம்பரிய ரயில் இன்று ஒரு பழைய டீசலை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். டெல்டிக்கோ வேறொன்றோ, முதலில் தேடுவது ஆஸ்பெஸ்டாஸ். 1950, 60-களில் சூடும் சத்தமும் தாங்குவதற்காக டிரைவர் கேபினிலும் இன்ஜின் அறைச் சுவர்களிலும் தாராளமாக அதை அடைத்துவைத்தார்கள். நுரையீரலுக்கு எமன். அதற்கென உரிமம் பெற்றவர்கள் வந்து, மூடிய கூடாரம் அமைத்து அகற்றும்வரை தன்னார்வலர்கள் ஸ்பேனரைத் தொடக்கூடாது. நன்கொடையில் கணிசமான பங்கு இந்த முதல் வேலையிலேயே கரைந்துவிடும்.

அடுத்து ஒயரிங். டீசல் லோகோ என்று சொல்கிறோமே தவிர, சக்கரத்தைச் சுற்றுவது டீசல் அல்ல. இன்ஜின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும். அது கொடுக்கும் மின்சாரம் அச்சுகளில் மாட்டிய மோட்டார்களுக்குப் போகும். டெல்டிக்கில் அப்படி ஆறு மோட்டார்கள். ஆக, ஓடும் மின்நிலையம் ஒன்றைத்தான் நீங்கள் சீர்செய்கிறீர்கள். ஐம்பது வருடப் பழைய ஒயரின் ரப்பர் உறை மொறமொறவென்று அப்பளம் போல உடையும். எங்கேயோ ஓர் ஓரத்தில் மின்சாரம் கசிந்து இரும்பைத் தொட்டால், நடுவழியில் வண்டி நின்றுவிடும். அதனால் கிலோமீட்டர் கணக்கில் ஒயரை உருவி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நம்பர் சீட்டு கட்டி, புதிதாக இழுக்க வேண்டும். இந்த வேலை வெளியே தெரியாது. புகைப்படத்துக்கும் ஆகாது. ஆனால், வருடங்களைத் தின்றுவிடும்.

மோட்டாருக்கு ஈரம் ஆகாது. வெட்டவெளியில் நின்ற லோகோ என்றால் காயிலுக்குள் நீர் ஏறியிருக்கும். மெக்கர் வைத்துப் பார்த்து, தேறாது என்றால் கழற்றி, சுத்தம் செய்து, வார்னிஷில் முக்கி, சூட்டடுப்பில் வைத்து உலர்த்துவார்கள். அதற்கும் மசியாவிட்டால் முழுசாக ரீவைண்டிங். அது தன்னார்வலர்கள் கையில் இல்லை. வெளியில் கொடுத்துப் பெரிய தொகை எண்ணிவைக்க வேண்டும்.

தகரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூரத்திலிருந்து பார்க்க லோகோ கம்பீரமாக நிற்கும். ஜன்னலுக்குக் கீழே சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். கூரை ஒழுகினால் தண்ணீர் நேராகக் கீழே இறங்கி, சுவருக்கும் தரைக்கும் நடுவில் தங்கிவிடும். பழைய பெயின்ட், அதன்மேல் புட்டி, அதன்மேல் பெயின்ட் என்று நாற்பது வருட மேக்கப்பைச் சுரண்டினால்தான் நிஜ முகம் தெரியும். வாங்கும்போது பெயின்ட்டைப் பார்த்து மயங்கக் கூடாது என்பது பழைய வீடு வாங்குபவர்களுக்கும் பழைய லோகோ வாங்குபவர்களுக்கும் பொது.

இவ்வளவும் முடிந்து இன்ஜினை உயிர்ப்பிக்கும் நாள். சாவியைத் திருகினால் கிளம்புகிற சமாசாரம் இல்லை இது. சிலிண்டருக்குள் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருந்து, அதோடு ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் அதை நசுக்க முடியாமல் கம்பி வளைந்து, எல்லாம் போய்விடும். அதனால் முதலில் இன்ஜினை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். ஆயிலைப் பம்ப் செய்து எல்லா பேரிங்குக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பார்கள். பிறகு பேட்டரியிலிருந்து ஜெனரேட்டருக்கு மின்சாரம் கொடுத்து, அதையே ஸ்டார்ட்டர் மோட்டாராகத் தலைகீழாக வேலை வாங்குவார்கள். எங்கேயாவது ஒரு கேஸ்கட் கசிந்தால் அன்றைய பூஜை அத்துடன் முடிந்தது. மறுபடி கழற்று.

டெல்டிக்குக்கு இன்னொரு குணம். சும்மா நிற்கும்போது சிந்தும் ஆயில் அதன் புகைப்போக்கியில் சேர்ந்துகொள்ளும். வேகம் கொடுத்த உடன் அது எரிந்து, ஸ்டேஷனே தெரியாத அளவுக்குப் புகை கக்கும். சில சமயம் தீப்பொறியும் சேர்ந்து வரும். ரசிகர்கள் கைதட்டுவார்கள்!

கடற்படையிடமிருந்து வந்த இதயம்

உதிரி தீர்ந்தால் என்ன செய்வது? இங்கேதான் டெல்டிக்கின் கடல் உறவு கைகொடுத்தது. நார்வே கடற்படை தன் 'டெல்ட்' வகை வேகப் படகுகளில் இதே நேப்பியர் இன்ஜின்களை வைத்திருந்தது. அந்தப் படகுகள் ஓய்வு பெற்றபோது, அவற்றின் இன்ஜின் ஒன்று பாதுகாக்கப்பட்ட டெல்டிக் லோகோவுக்குள் வந்து உட்கார்ந்தது. கடல் இன்ஜினும் ரயில் இன்ஜினும் அப்படியே ஒன்றல்ல. ஜெனரேட்டரோடு இணைப்பது, கட்டுப்படுத்துவது எல்லாம் மாற்ற வேண்டும். ஆனாலும் ரத்தம் ஒன்றுதானே! நியூயார்க் தீயணைப்புத் துறைகூட 1965-ல் 'சூப்பர் பம்ப்பர்' என்ற ராட்சதத் தண்ணீர் வண்டிக்கு டெல்டிக் இன்ஜினைத்தான் போட்டது.

இதைவிட ஒரு படி மேலே போன கதையும் உண்டு. டெல்டிக்குக்கு 'பேபி டெல்டிக்' என்று ஒரு தம்பி இருந்தது. ஒற்றை இன்ஜின், பத்தே லோகோக்கள். ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால், அதன் இன்ஜின் ஒன்று மட்டும் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருந்தது. ரசிகர்கள் அந்த இன்ஜினை ஓடவைத்தார்கள். பிறகு, 'இதயம் இருக்கிறது, உடம்பைச் செய்வோம்' என்று கிளம்பிவிட்டார்கள். கிளாஸ் 37 என்ற வேறொரு டீசலின் உடலை வெட்டிச் சுருக்கி, கிளாஸ் 20-ன் போகிகளை அடியில் கொடுத்து, பேபி டெல்டிக்கை மறுபடி உருவாக்கும் வேலை அது.

இது சரியா? ஒரு பழைய லோகோவை வெட்டி இன்னொரு பழைய லோகோவைச் செய்யலாமா? இதில் ரசிகர்களுக்குள் கட்சி உண்டு. கிளாஸ் 37 முந்நூறுக்கும் மேல் கட்டப்பட்டு, இன்னும் நிறைய மிஞ்சியிருப்பதால் தப்பில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால், இதே நியாயத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டால் 37-ம் ஒருநாள் அரிதாகிவிடும் என்பவர்களையும் சுலபமாக ஒதுக்க முடியவில்லை.

இதைவிடப் பெரிய சண்டை, ஓட்டுவதா, நிறுத்திவைப்பதா என்பதுதான். ஓட்டினால் தேயும். தேய்ந்தால் மாற்றுப் பாகம் இல்லை. அருங்காட்சியகத்தில் கயிறு கட்டி நிறுத்தினால் நூறு வருடம் இருக்கும். ஆனால், அந்த விம்மல் போய்விடும். விம்மல் இல்லாத டெல்டிக் வெறும் நூறு டன் இரும்பு என்று சங்கத்துக்காரர்கள் சொன்னால் மறுக்க முடியுமா? தவிர, ஓடாத இன்ஜினைப் பிரித்துப் பார்க்க ஆளிருக்காது. பிரித்துப் பார்க்காவிட்டால் கற்றுக்கொள்ள வழியிருக்காது. பிரிட்டிஷ் ரயில்வேயில் டெல்டிக்கோடு வேலை பார்த்த ஃபிட்டர்கள் எல்லாம் இப்போது முதியவர்கள். எந்தக் குழாயைத் தொட்டுப் பார்த்தால் எந்தப் பம்ப்பில் கோளாறு என்று அவர்கள் கைக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை. சனிக்கிழமை தோறும் வருகிற இருபது வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் அதைக் கைமாற்றிவிட, ஓடும் இன்ஜின் ஒன்று வேண்டியிருக்கிறது.

வில்லனுக்கு வேலை கிடைத்தது

பாரம்பரிய ரயில்களும் சும்மா அன்பினால் டீசலை வைத்துக்கொள்ளவில்லை. நீராவி லோகோவைக் காலையில் கிளப்ப நடுராத்திரி தாண்டி வந்து தீ மூட்ட வேண்டும். டீசல் கொஞ்ச நேரத்தில் தயார். நீராவிக் கொதிகலனைப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிரித்தாக வேண்டும், அதற்கு ஏகப்பட்ட செலவு. வறண்ட கோடையில் புகைபோக்கியிலிருந்து பறக்கும் ஒரு தணல் போதும், வடக்கு யார்க்‌ஷயரின் புதர்க்காடு பற்றிக்கொள்ளும். அந்த மாதிரி நாள்களில் நீராவியை நிறுத்திவிட்டு டீசலைத்தான் மாட்டுகிறார்கள். நல்ல கரியும் முன்போலக் கிடைப்பதில்லை. வேல்ஸில் மெர்த்தர் டிட்வில் ஊருக்கு அருகே இருந்த பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டுவிட்டது. நீராவியைப் பார்க்கத்தான் குடும்பங்கள் டிக்கெட் எடுக்கின்றன, சந்தேகமில்லை. ஆனால், வண்டி ரத்தாகாமல் ஓடுவது பல நாள்களில் டீசல் புண்ணியத்தில்தான்.

தனியார்மயத்துக்குப் பிறகு பழைய தடையும் தளர்ந்தது. ராயல் ஸ்காட்ஸ் கிரே 1996-ல் முக்கியப் பாதைக்குத் திரும்பியது. பாதுகாப்புக் கருவிகள், ரேடியோ, பயணப் பதிவுக் கருவி என்று இன்றைய ரயிலுக்கு உள்ள எல்லாவற்றையும் ஐம்பது வருடப் பழைய பெட்டிக்குள் நுழைத்தாக வேண்டும், அதுதான் நிபந்தனை. 2011-ல் இன்னும் வேடிக்கை. இங்கிலாந்தின் வடகிழக்கில் ஓர் அலுமினிய ஆலைக்கு மூலப்பொருள் இழுக்க லோகோ தட்டுப்பாடு. அந்த ராயல் ஸ்காட்ஸ் கிரேயையே வாடகைக்கு எடுத்தார்கள். பந்தயக் குதிரை மாதிரி ஓடிய எக்ஸ்பிரஸ் லோகோ, ஐம்பதாவது வயதில் சரக்கு வண்டி இழுத்துச் சம்பாதித்தது!

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. என்ன கலர் அடிப்பது என்ற பஞ்சாயத்து. 1961-ல் பிறந்தபோது இருந்த இரட்டைப் பச்சையா, பிறகு வந்த பிரிட்டிஷ் ரயில்வே நீலமா? நீலம் என்றால், லண்டன் ஷெட்காரர்கள் கடைசிக் காலத்தில் ஆசைக்கு அடித்துவிட்ட வெள்ளை ஜன்னல் ஓரம் வேண்டுமா, வேண்டாமா? ஒயரிங்குக்கு வராத கூட்டம் இதற்கு வரும். ஒவ்வொருவருக்கும் தான் பத்து வயதில் பார்த்த நிறம்தான் அசல்.

எப்போதாவது இங்கிலாந்துப் பக்கம் போனால், செஸ்டர்ஃபீல்டுக்கு அருகே உள்ள பேரோ ஹில் பணிமனையைத் தவறவிடாதீர்கள். 1870-ல் கட்டிய வட்ட வடிவ லோகோ ஷெட், நடுவில் லோகோவைத் திருப்பும் மேடை இன்னும் வேலை செய்கிறது. டெல்டிக் சங்கத்துக்கு 2003 முதல் அந்த வளாகத்தில் சொந்த ஷெட் உண்டு. எந்நாளும் திறந்திருக்காது, தேதி பார்த்துப் போக வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நாளாக அமைந்தால் காற்றடிக்கும் திசை பார்த்து நில்லுங்கள். வெள்ளைச் சட்டை வேண்டாம், ஆயில் கறை போகவே போகாது.